சலங்கைச் சத்தத்தை யார் எடுத்தது?

மாதத் தொடக்கத்தில் இதே பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தேன். 'எம்பி3 பாட்டுக்கும் லாஸ்லெஸ் பாட்டுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. இருக்கிறது என்று சொல்பவர்கள் ஹெட்போன் விற்பவர்களாக இருக்க வேண்டும்.'

எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது.

என் பத்திக்கு எதிர்ப்பு வருவது புதிதல்ல. போனில் வரும், மெயிலில் வரும், கல்யாண வீட்டில் கை கழுவும் இடத்தில் வரும். இந்த முறை ஒரு பழைய மொபெட்டில் வந்தது. கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு, நான்காக மடித்த பத்திரிகையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தபடியே உள்ளே வந்தார் யூசுப் பாய்.

யூசுப் பாய் செல்லூரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறார். எங்கள் ஊர் வழக்கில் மைக் செட். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கந்தூரி, கும்பாபிஷேகம்... முப்பது வருடமாக மதுரையைச் சுற்றி அவர் பாட்டுப் போடாத மண்டபம் குறைவு. என் கல்யாணத்துக்கும் அவர்தான். ஆல்பத்தில் எனக்குப் பின்னால், வேப்ப மரத்தில் கட்டிய ஒரு குழாய் ஸ்பீக்கர் தெரியும். அது பாயுடையது.

"அண்ணே, நீங்க எழுதுனது தப்பு" என்றார், உட்காருவதற்கு முன்பே.

"எது பாய்?"

"ரெண்டும் ஒண்ணுன்னு எழுதிருக்கீங்களே. ஒண்ணா? இந்த எம்பி3 வந்துதாண்ணே எந்தொழிலே படுத்துச்சு."

விஷயம் இதுதான். கொஞ்ச வருடமாகவே பாயின் செட்டைப் பற்றி ஒரே புகார். 'கீச்சு கீச்சுனு இருக்கு', 'காதைக் கிழிக்குது', 'குழந்தை அழுவுது'. வழக்கமாகக் கூப்பிடும் இரண்டு மண்டபங்கள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டன. பாய் உட்கார்ந்து யோசித்து ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தார். எம்பி3-யில் பாட்டைச் சின்னதாக்கும்போது மேல் சத்தத்தையெல்லாம் வெட்டிவிடுகிறார்கள். சலங்கை, ஜால்ரா, புல்லாங்குழலில் வரும் காற்று எல்லாம் போய்விடுகிறது. அதை ஈடுகட்ட பாய் டிரெபிள் என்ற மேல்சத்தத் திருகைக் கூட்ட வேண்டியிருக்கிறது. கூட்டினால் கீச்சென்று கேட்கிறது.

"கெடுக்குறது பைலு. கெட்ட பேரு எனக்கு" என்றார்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. பாதி உண்மையும் கூட.

எம்பி3 என்பது என்ன? பாட்டிலிருந்து எதை எடுத்தால் நமக்குத் தெரியாதோ, அதை எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொடுக்கும் வித்தை. செல்லூரில் விசைத்தறி ஓடிக்கொண்டிருக்கும்போது சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக்கை யாராவது கழற்றிக்கொண்டு போனால் தெரியுமா? தெரியாது. அந்த மாதிரி, டிரம் அதிரும்போது பக்கத்தில் முனகும் சின்னச் சத்தத்தை எடுத்துவிடும். லாஸ்லெஸ் அப்படியில்லை. தறியோடு சேர்த்துக் கடிகாரத்தையும் பத்திரமாகக் கட்டிக் கொடுக்கும். அதனால்தான் அந்தக் கோப்பு அவ்வளவு கனம். கேள்வி என்னவென்றால் — தறிச் சத்தத்தில் கடிகாரம் யாருக்குக் கேட்கப்போகிறது?

இதைத்தான் பாயிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டவில்லை.

"நான் எல்லாத்தையும் லாஸ்லெஸ்ஸா மாத்திட்டேண்ணே" என்றார்.

"மாத்திட்டீங்களா? எப்பிடி?"

"ரெண்டு கம்ப்யூட்டரு. இருவது நாளு. எங்கிட்ட இருந்த எம்பி3 அம்புட்டையும் சாஃப்ட்வேர்ல குடுத்து லாஸ்லெஸ்ஸா மாத்தியாச்சு. இப்ப ஒவ்வொரு பாட்டும் அம்மாம் பெருசு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கியிருக்கலாம். அடக்கவில்லை. மங்கிப்போன ஜெராக்ஸை உயர்ந்த பேப்பரில் மறுபடி ஜெராக்ஸ் எடுத்தால் பேப்பர்தான் உயர்ந்தது, எழுத்து அதே மங்கல்தான் என்று விளக்கினேன். போனது போனதுதான், பெரிய டப்பாவில் போட்டு மூடினால் திரும்பி வராது.

பாய் என் வீட்டு மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

"அதான் மாத்துன பெறகும் சலங்கை கேக்கல போல" என்றார்.

அந்த வாக்கியத்தை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். நான் என் கட்டுரையின் கௌரவத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

இதில் எனக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. சமயநல்லூரில் இருக்கும் என் தங்கை மகளுக்கு அந்த மாதக் கடைசியில் கல்யாணம். தாய்மாமன் என்ற முறையில் மைக் செட் என் பொறுப்பு. யூசுப் பாயிடம் சொல்லிவிட்டேன் என்றதும் தங்கையின் கணவன் ராசுவின் முகம் சுருங்கிப்போனது.

"பாய் செட்டா? மச்சான், போன வருசம் எங்க பெரியப்பா வீட்டு விசேசத்துல அவரு செட்டுதான். பாதிச் சனம் பந்தலுக்கு வெளிய போயி ஒக்காந்துச்சு. டிஜே பசங்க இருக்காங்க, சொல்லவா?"

"அதெல்லாம் வேணாம் மாப்ள. நான் பாத்துக்கிறேன்."

"சரி. ஒங்களுக்காக இந்த ஒரு தடவ. ஆனா காதைக் கிழிச்சா, பாதியிலயே ஆப் பண்ணச் சொல்லிருவேன். அப்பறம் வருத்தப்படக் கூடாது."

சமயநல்லூர் கல்யாணத்தில் பாதியில் ஆப் பண்ணச் சொன்னால் என்ன ஆகும்? மேடைக்கு முன்னால் நானூறு பேர். அதில் நாற்பது பேராவது அடுத்த முகூர்த்தத்துக்கு மைக் செட் தேடிக்கொண்டிருப்பவர்கள். பாயின் தொழில் அந்த மண்டபத்திலேயே முடிந்துவிடும். இது பாய்க்கும் தெரியும்.

அதனால் ஒரு பரீட்சை வைப்பது என்று முடிவானது. ஒரே பாட்டை இரண்டு விதமாகப் போடுவது, எது எது என்று சொல்லாமல். பாய் சரியாகக் கண்டுபிடித்தால் நான் இதே பக்கத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் பாய் பைலைத் திட்டுவதை விட்டுவிட்டு டிரெபிளைக் குறைக்க வேண்டும். பாய்க்கு உதவத்தான் இதைச் செய்தேன் என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. நான் எழுதியது சரி என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

நண்பர் ஒருவரிடம் அசல் சிடிகளை வாங்கி, அதிலிருந்து மூன்று ரகம் தயார் செய்தேன். ஒன்று லாஸ்லெஸ். இன்னொன்று தாராளமாக இடம் கொடுத்துச் செய்த பெரிய எம்பி3. மூன்றாவது, மெமரி கார்டில் ஆயிரம் பாட்டு ஏற்றிக் கொடுப்பார்களே, அந்தக் காலத்துச் சின்ன எம்பி3. எதை முதலில் போடுவது என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்வதாக ஏற்பாடு.

இடம்? பாயின் கடை மாடி. அதுதான் அவர் வீடும். ஆனால் செல்லூரில் எங்கே அமைதி? எதிர்ச் சுவரில் தறி, பின் சுவரில் தறி, பக்கத்துச் சந்தில் லேத் பட்டறை.

"கரண்டு கட்டு அன்னைக்கி வாங்கண்ணே" என்றார் பாய்.

மாதம் ஒரு நாள் பராமரிப்பு என்று காலையிலிருந்து மின்சாரத்தை நிறுத்துவார்கள். அன்றைக்குத்தான் செல்லூரில் தறி ஓடாது. அன்றைக்குத்தான் செல்லூர்க்காரர்களுக்குக் காக்கா கத்துவது கேட்கும். சரி, கரண்ட் இல்லாமல் பாட்டு எப்படி? மைக் செட்டுக்காரரிடமா இந்தக் கேள்வி? ஒரு லாரி பேட்டரியை இழுத்துப் போட்டு, பழைய ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, இரண்டு பெட்டி ஸ்பீக்கர்களை வைத்துவிட்டார். நான் லேப்டாப்பைத் திறந்தேன்.

பாயின் மனைவி நூர்ஜஹான் நிலைப்படி ஓரமாக உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். "வாங்கண்ணே" என்றதோடு சரி. அந்த வீட்டில் சவுண்ட் என்பது ஆண்களின் சமாச்சாரம். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தன் மிக்ஸரில் பாய் வேறு யாரையும் கை வைக்க விட்டதில்லை. அவரிடம் வேலை பார்த்தவர்கள் ஒயர் இழுக்கலாம், பெட்டி தூக்கலாம், மரம் ஏறலாம். திருகுகளைத் தொட்டால் தொலைந்தார்கள்.

பரீட்சை ஆரம்பமானது.

முதல் பாட்டு. பாய் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "ரெண்டாவதுதான் லாஸ்லெஸ்" என்றார். தவறு. இரண்டாவது பாட்டு. தவறு. மூன்றாவது சரி. நான்கு, தவறு. சின்ன எம்பி3-யையே லாஸ்லெஸ் என்றார். நான் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். உள்ளுக்குள் குஷியாக இருந்தது என்பதை மறைக்கப்போவதில்லை. அடுத்த வாரக் கட்டுரையின் முதல் வரி கூடத் தயாராகிவிட்டது.

"கடைசியா போட்டது நல்லால்ல."

பாய் சொல்லவில்லை. நிலைப்படியிலிருந்து வந்தது குரல்.

"எதும்மா?" என்றேன்.

"ரெண்டாவதா போட்டீங்கள்ல, அது. ஜால்ரா ஈரத்துல கெடந்த மாதிரி சொதசொதன்னு இருக்கு. மொதல்ல போட்டது சுத்தமா இருந்துச்சு."

இரண்டாவது, சின்ன எம்பி3. சரி, குருட்டாம்போக்கில் அமைந்திருக்கும். அவரை லேப்டாப்புக்கு முதுகு காட்டி உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி நாணயத்தைச் சுண்டினேன். பூண்டு உரிப்பதை நிறுத்தாமலே சொல்லிக்கொண்டு வந்தார். பத்துத் தடவையில் ஒன்பது தடவை சின்ன எம்பி3-யைப் பிடித்துவிட்டார். ஆனால் பெரிய எம்பி3-யையும் லாஸ்லெஸ்ஸையும் மாற்றி மாற்றிப் போட்டபோது அலுத்துக்கொண்டார்.

"இது ரெண்டும் ஒண்ணுதானண்ணே. எதுக்குப் போட்டதவே போட்டுக்கிட்டு இருக்கீங்க?"

வாசகர்களே, இவ்வளவு நாள் நீங்களும் நானும் சண்டை போட்ட கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். ஒழுங்காகச் செய்த எம்பி3, லாஸ்லெஸ்ஸுக்குக் குறைவில்லை, அனேகமாக எல்லாக் காதுகளுக்கும். இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒட்டச் சுருக்கினால், கடிகாரத்தோடு சலங்கையையும் சேர்த்து அள்ளிவிடும். நல்ல காது கண்டுபிடித்துவிடும். நான் எழுதியது பாதி சரி. பாய் சொன்னது பாதி சரி. இதோடு டீ குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம்.

"கடைசியா ஒண்ணு போடுங்கண்ணே" என்றார் பாய். தோற்ற ஆட்டத்தில் இன்னொரு கை கேட்பவரின் குரல்.

பழைய படப் பாட்டு ஒன்றை எடுத்தேன். லாஸ்லெஸ்தான். அந்தப் பாட்டின் ஆரம்பத்தில் வேறு எந்த வாத்தியமும் கிடையாது. தூரத்திலிருந்து யாரோ நடந்து வருவது போல லேசாகச் சலங்கை மட்டும் கேட்கும். அப்புறம்தான் குரல். பட்டனை அழுத்தினேன்.

சலங்கை நடந்து வந்தது. பாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடுங்கண்ணே" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"ஓடுதுங்க" என்றார் நூர்ஜஹான்.

"எங்குட்டு ஓடுது?"

அப்போது பெண் குரல் எழுந்தது. பாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆ... இப்பத்தான் வருது."

நூர்ஜஹானின் கை பூண்டோடு அப்படியே நின்றது. எங்கள் இருவரையும் பாய் மாறி மாறிப் பார்த்தார்.

"திரும்பப் போடுங்க."

போட்டேன். இந்த முறை ஸ்பீக்கர் பெட்டிக்கு அருகே போய்க் குனிந்தார். குரல் வரும்வரை அப்படியே இருந்தார். பிறகு எழுந்தார். முப்பது வருடத் தொழில் புத்தி. சத்தம் வரவில்லையா, முதலில் ஒயரைப் பார். ஒயரை மாற்றினார். அடுத்து ஒயர் நுனியில் இருக்கும் பின். கழற்றித் துடைத்து மாட்டினார். அடுத்து பேட்டரி; மீட்டர் வைத்துப் பார்த்தார், சரியாக இருந்தது. இடது பெட்டியை வலது பக்கமும், வலது பெட்டியை இடது பக்கமும் மாற்றினார். வேறு ஆம்ப்ளிஃபயர் கொண்டுவந்தார். ஒவ்வொரு முறையும் "போடுங்க" என்றார். ஒவ்வொரு முறையும் சலங்கை வந்தது. எனக்கும் நூர்ஜஹானுக்கும் மட்டும்.

ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்ததில், கடைசியில் சரிபார்க்க மிச்சமிருந்தது அவர் மட்டும்தான்.

பாய் நாற்காலியில் உட்காரவில்லை. மூலையில் துணி போட்டு மூடி வைத்திருந்த மிக்ஸரிடம் போனார். துணியை எடுத்தார். டிரெபிள் திருகைச் சுற்றி நகப் பாலிஷில் சின்னச் சின்னப் பொட்டுகள். வெள்ளை, அதற்கு வலப்பக்கம் சிவப்பு, அதற்கும் வலப்பக்கம் ரோஸ், அப்புறம் மறுபடி இரண்டு சிவப்பு. எந்த மண்டபத்துக்குப் போனாலும் திருகை எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு அவர் வைத்திருக்கும் அடையாளம்.

"இது வாங்குன அன்னைக்கி வச்சது" என்று வெள்ளைப் பொட்டைத் தொட்டார். "இது கேசட்டு போயி சிடி வந்தப்ப. சத்தம் கொறைஞ்சிருச்சேன்னு ஒரு பொட்டு தள்ளி வச்சேன். இது எம்பி3 வந்தப்ப. அப்பறம் பென் டிரைவு. இது... போன வருசம்."

கடைசிப் பொட்டுக்கு அந்தப் பக்கம் திருக இடமில்லை.

"ஒவ்வொரு தடவையும் பாட்டைத்தாண்ணே திட்டுனேன்" என்றார்.

பொழுதுபோக்காக ஆரம்பித்த வேலை. என் வாக்கியம் சரியா தப்பா என்று பார்க்க, ஒரு மனிதரை அவர் வீட்டிலேயே, அவர் மனைவிக்கு முன்னால் உட்கார வைத்து இதைக் காட்டியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. லேப்டாப்பை மூடினேன்.

நூர்ஜஹான்தான் பேசினார். என்னைப் பார்த்து.

"ரெண்டு வருசமா அடுப்படியில இருந்து கூப்புடுறேண்ணே. திரும்ப மாட்டாரு. கூட்டாளிக வாசல்ல நின்னு கூப்புட்டா மட்டும் ஓடுவாரு. நம்ம கொரலு மட்டும் கசக்குது போலன்னு நெனச்சேன். போன நோம்புக்கு முன்னாடி நாலு மாசம் பேசாமக்கூட இருந்தேன்."

பாய் திரும்பினார். "பேசாம இருந்தியா? எப்ப?"

அவ்வளவுதான். நூர்ஜஹானுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பாய் சிரிக்கவில்லை. நாலு மாதம் ஒரு பெண் தன்னிடம் கோபமாக இருந்ததைக் கூடக் கேட்காமல் விட்டிருக்கிறோமே என்ற திகைப்பு அவர் முகத்தில் அப்படியே இருந்தது. நான் செருப்பைத் தேடினேன்.

அதற்கடுத்த வாரம் காது டாக்டரிடம் போனார்கள். டாக்டர் ஒரு வரைபடம் கொடுத்தாராம். கோடு கொஞ்ச தூரம் சமதளமாகப் போய், சட்டென்று கிணற்றுக்குள் இறங்கியிருந்ததாம். தடித்த சத்தம், ஆண் குரல் எல்லாம் கேட்கும். மெல்லிய சத்தம், பெண் குரலின் ஓரங்கள், சலங்கை... கேட்காது. இடது காது ரொம்ப மோசம். மிக்ஸர் டேபிளை எப்போதும் மேடைக்கு வலதுபுறம், பெட்டியை ஒட்டித்தான் போடுவார் பாய். பெட்டி இருப்பது அவரது இடது கைப் பக்கம். முப்பது வருடம். காதுக்கு மெஷின் வைத்தால் ஓரளவுக்கு உதவுமாம், அதற்கு அளவெடுத்திருக்கிறார்கள், வர ஒரு மாதம் ஆகும்.

"போனது வராதாம்ணே. இருக்குறத காப்பாத்திக்கணுமாம். நீங்க சொன்ன ஜெராக்ஸ் கததான்" என்றார் போனில்.

பிறகு அவரே சொன்னார்:

"கல்யாணத்துக்கு வேற ஆளப் பாத்துக்கங்கண்ணே. கேக்காத காத வச்சிக்கிட்டு நான் மிக்ஸர்ல கை வைக்கிறது மொறையில்ல."

கல்யாணத்துக்கு ஆறு நாள் இருந்தது. பாய் இல்லை என்றால் ராசுவின் டிஜே பையன்கள் வருவார்கள்; அது பெரிய கஷ்டமில்லை. ஆனால் இந்தக் கல்யாணத்துக்கு வராவிட்டால் பாய் இனி எந்தக் கல்யாணத்துக்கும் போகமாட்டார் என்பது எனக்குத் தெரிந்தது. அதை நான் சொல்லத் தொடங்குவதற்குள், போன் கை மாறும் சத்தம் கேட்டது.

"செட்டு வரும்ணே" என்றார் நூர்ஜஹான். "நானும் வாரேன்."

"நீங்களா?"

"இருவத்தாறு வருசமா இவரு எங்க போறாரு, என்ன செய்றாருன்னு ஒரு மண்டபம் பாத்ததில்ல. பாக்கக் கூடாதா?"

முகூர்த்த நாள். காலை ஐந்தரைக்கே பெட்டிகள் இறங்கிவிட்டன. பாய் வெள்ளைச் சட்டையில் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்தார், இந்த முறை பெட்டியிலிருந்து நன்றாகத் தள்ளி. நூர்ஜஹான் பச்சைப் புடவையில் முக்காடு போட்டு, நடு மண்டபத்தில் ஐந்தாவது வரிசையில், என் சின்னம்மாக்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தார். 'யாரு?' என்று கேட்ட சின்னம்மாவிடம் 'மைக் செட்டு பாய் வீடு' என்று நான் சொன்னதும், அவருக்கும் ஒரு முழம் மல்லிகை வந்து சேர்ந்தது.

ஏற்பாடு எனக்கு மட்டும்தான் தெரியும். நூர்ஜஹான் முக்காட்டை இழுத்துவிட்டால் பாய் டிரெபிளைக் குறைக்க வேண்டும். வளையலைத் தொட்டால் கூட்ட வேண்டும். கை இரண்டும் மடியில் இருந்தால் அப்படியே விட வேண்டும்.

முதல் பாட்டு ஆரம்பித்த உடனே முக்காட்டை இழுத்தார். பாய் திருகினார். மறுபடி இழுத்தார். மறுபடி திருகினார். நான் பந்தி வேலையை விட்டுவிட்டுத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாதஸ்வரம் வந்தபோது இரண்டு முறை முக்காடு. மணப்பெண்ணின் தோழி ஒருத்தி மைக்கில் வாழ்த்துப் படித்தபோது வளையல். தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளத்துக்கு நடுவே என்ன செய்வது என்று தெரியாமல் முக்காட்டையும் வளையலையும் ஒன்றாகப் பிடித்தார். பாய் ஒரு விநாடி தடுமாறி, ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டார். நல்ல முடிவு.

ஒன்பது மணி வாக்கில் ராசு என்னைத் தேடி வந்தான். ஆப் பண்ணச் சொல்லத்தான் வருகிறான் என்று நினைத்தேன்.

"மச்சான், பாய் புதுசா செட்டு வாங்கிருக்காரா?"

"ஏன் மாப்ள?"

"இல்ல, எங்க பெரியப்பா இருக்காருல்ல, போன வருசம் வெளிய ஓடுனவரு. ஸ்பீக்கர் பொட்டிக்கிக் கீழயே ஒக்காந்து தூங்குறாரு."

மைக் செட்டுக்காரர்களுக்கு நேரடியாகப் பாராட்டுக் கிடைப்பதில்லை. பெரியப்பாவின் குறட்டைதான் அன்றைய பாராட்டு. புது செட் இல்லை, அதே செட்தான் என்று சொல்லிவிட்டு வேறு எதையும் சொல்லவில்லை. அடுத்த மாதம் தன் நண்பன் வீட்டுக் காதுகுத்துக்குப் பாயின் நம்பர் வேண்டும் என்றான். கொடுத்தேன்.

பாட்டெல்லாம் பெரிய எம்பி3-தான், கேட்டவர்களுக்காகச் சொல்கிறேன். நானூறு பேரில் ஒருவர்கூட லாஸ்லெஸ் இல்லையே என்று எழுந்து போகவில்லை.

கடைசிப் பந்தியில் பாயும் நூர்ஜஹானும் சாப்பிட உட்கார்ந்தார்கள். காலையிலிருந்து அசையாமல் உட்கார்ந்ததில் முதுகு பிடித்துக்கொண்டது என்று பாய் முனகினார். நான் நூர்ஜஹானின் இலையில் ஒரு பாயசம் வைக்கச் சொல்லிவிட்டு, "எப்பிடிம்மா இருந்துச்சு, பாய் வேல பாக்குற எடம்?" என்றேன்.

"வேலைய எங்கண்ணே பாத்தேன்?" என்றார், பாய்க்கும் கேட்கும்படி, கொஞ்சம் சத்தமாகவே. "மூணு மணி நேரம் கண்ண எடுக்காம என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாரு இவரு. கல்யாணம் ஆன புதுசுலகூட இம்புட்டு நேரம் பாத்ததில்ல."

பாய் அப்பளத்தை உடைத்துக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டார். கேட்டுவிட்டது.

இதையெல்லாம் வீட்டுக்கு வந்து சொன்னதிலிருந்து, நீங்களும் ஒரு தடவை காதைக் காட்டிவிட்டு வாருங்கள் என்று என் மனைவி சொல்லிக்கொண்டிருக்கிறாள். இதுவரை நான்கு முறை சொல்லிவிட்டாளாம். எனக்குத் தெரிந்து ஒரு முறைதான்.